ஊசிமுனைக் குரலும் ஏற்று மின்மாற்றியும்



நம் தோட்டத்து வீடுகளில் இசைத்தட்டு என்பது ஒரு காலத்தில் அரிய செல்வமாக இருந்தது. ஒரு லயத்தில் ஒரு வீட்டில் ரேடியோகிராம் இருந்தால் போதும். மாலை வேளையில் அக்கம்பக்கத்தார் அனைவரும் அந்த வீட்டு வாசலில் கூடிவிடுவார்கள். கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும், தியாகராஜ பாகவதரும், பின்னாளில் சீர்காழி கோவிந்தராஜனும் டி. எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பால்மரக் காட்டுக்குள் வந்து நமக்காகப் பாடியது அந்தக் கறுப்புத் தட்டுகளின் வழியாகத்தான். 1963-ஆம் ஆண்டில் எம். எஸ். சுப்புலட்சுமி அவர்களின் வெங்கடேச சுப்ரபாதம் நீண்ட நேர இசைத்தட்டாக வெளிவந்தது. அதற்குப் பின் எத்தனையோ வீடுகளில் பொழுது அந்தக் குரலோடுதான் விடிந்தது.

காலம் மாறியது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பல வீடமைப்புப் பகுதிகளாக மாறின. குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தன. தகரப் பெட்டிக்குள் இருந்த இசைத்தட்டுகளும் கூடவே பெயர்ந்தன. இன்று கைப்பேசியில் ஆயிரம் பாட்டுக் கேட்கலாம். ஆனால் தாத்தா சேர்த்து வைத்த தட்டில் உள்ள எல்லாமே கைப்பேசியில் கிடைத்துவிடுவதில்லை. ஆகவேதான் பேரப்பிள்ளைகள் சிலர் அந்தப் பெட்டியைத் திறந்து, அந்தத் தட்டுகளை மீண்டும் பாட வைக்க முயல்கிறார்கள். இது பாராட்டத்தக்க முயற்சி.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மகன் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறான். பழைய பொருள் விற்கும் சந்தையில், நல்ல நிலையில் உள்ள ஓர் இசைத்தட்டுச் சுழலியை வாங்கி வருகிறான். விலை உயர்ந்த ஊசி பொருத்தியது என்று விற்றவர் சொல்கிறார். வீட்டில் இருக்கும் ஆம்பிளிபயரில் அதை இணைக்கிறான். தட்டு சுழல்கிறது. ஆனால் பாட்டோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. ஒலியைக் கூட்டும் குமிழை முழுவதும் திருப்பினால், பாட்டோடு சேர்ந்து ‘உஸ்’ என்ற இரைச்சலும் ‘ம்ம்’ என்ற ரீங்காரமும் எழுகின்றன. “தட்டு கெட்டுப்போய்விட்டது” என்று வீட்டார் முடிவு கட்டுகிறார்கள். பெட்டி பழைய சாமான் வாங்குபவரிடம் போய்விடுகிறது.

தட்டு கெடவில்லை, நேயர்களே. ஊசிக்கும் ஆம்பிளிபயருக்கும் இடையே இருக்க வேண்டிய ஒரு சிறு பொருள் இல்லை, அவ்வளவுதான். அந்தப் பொருளின் பெயர் ஏற்று மின்மாற்றி. மின்மாற்றியைத்தான் நாம் பேச்சு வழக்கில் டிரான்ஸ்பார்மர் என்கிறோம். அது என்ன செய்கிறது, யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்பதை இன்று பார்ப்போம்.

சிறியதை விளங்கிக்கொள்ள, முதலில் பெரியதைப் பார்ப்பது எளிது. ஆகவே கெலுகோர் வரை ஒருமுறை போய் வருவோம். பினாங்குத் தீவில் ஜார்ஜ்டவுனுக்குத் தெற்கே, 1985-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம் கரையேறும் இடத்தில் இருக்கிறது கெலுகோர். மீன் குழம்பில் போடுகிறோமே அசாம் கெலுகோர், அதே பெயர்தான். இன்று அடுக்குமாடிகள் நிறைந்த அந்த வட்டாரமும் ஒரு காலத்தில் தோட்டமாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டேவிட் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அங்கே ஜாதிக்காய் முதலிய வாசனைப் பயிர்களை வளர்த்தார். பிற்காலத்தில் கெலுகோரின் கடலோரத்தில் ஒரு மின்நிலையம் அமைந்தது.

மின்நிலையத்தில் பிறக்கும் மின்சாரத்தை அப்படியே கம்பியில் ஏற்றி நெடுந்தொலைவு அனுப்புவதில்லை. அதிக மின்னோட்டம் கம்பியில் பாய்ந்தால் கம்பி சூடாகும். சக்தி வழியிலேயே வீணாகும். ஆகவே மின்நிலைய வாசலிலேயே ஏற்று மின்மாற்றிகளை நிறுத்தி மின்னழுத்தத்தை உயர்த்துகிறார்கள். நம் நாட்டில் உயர்ந்த கோபுரங்களின்மேல் செல்லும் கம்பிகளில் 1,32,000 வோல்ட், 2,75,000 வோல்ட், 5,00,000 வோல்ட் என்ற அளவுகளில் மின்சாரம் செல்கிறது. அழுத்தம் உயர உயர, அதே சக்தியைக் கொண்டு செல்லத் தேவையான மின்னோட்டம் குறைகிறது. பிறகு ஊருக்கு அருகில் இறக்கு மின்மாற்றிகள் அந்த அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைக்கின்றன. நம் வீட்டுக்கு வந்து சேர்வது முன்னாளில் 240 வோல்ட் என்றும், இந்நாளில் 230 வோல்ட் என்றும் சொல்லப்படும் அளவு.

இவ்வளவு பெரிய வேலையைச் செய்யும் மின்மாற்றிக்குள் ஓடும் இயந்திரம் ஒன்றுமில்லை. இரும்பு உள்ளகம் ஒன்று. அதைச் சுற்றி இரண்டு கம்பிச் சுருள்கள். ஒரு சுருளில் மாறி மாறிப் பாயும் மின்சாரத்தைச் செலுத்தினால், இரும்பில் காந்தப் புலம் எழுந்து எழுந்து அடங்குகிறது. அந்த மாற்றம் இரண்டாவது சுருளில் மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது. முதற்சுருளில் 100 சுற்றும் இரண்டாவது சுருளில் 1,000 சுற்றும் இருந்தால் அழுத்தம் பத்து மடங்கு உயரும். சுற்றுகளின் எண்ணிக்கையை மாற்றிப் போட்டால் பத்தில் ஒன்றாகக் குறையும்.

இந்த உண்மையை 1831-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் நாள் இலண்டனில் கண்டறிந்தவர் மைக்கேல் ஃபாரடே. இரும்பு வளையத்தின் இரு பக்கமும் கம்பியைச் சுற்றி அவர் செய்த கருவிதான் உலகத்து மின்மாற்றிகளுக்கெல்லாம் மூதாதை. ஃபாரடே செல்வர் வீட்டுப் பிள்ளை அல்லர். கொல்லுப்பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகன். அதிகம் பள்ளிக்கூடம் போகாதவர். பதினான்காம் வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்து, கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவைப் பெருக்கிக்கொண்டவர். நம் பிள்ளைகளுக்கு இதை நாம் எடுத்துச் சொல்லவேண்டும்.

இப்போது கெலுகோர்க் கடலோரத்திலிருந்து நம் வீட்டு இசைத்தட்டுக்குத் திரும்புவோம். தட்டில் உள்ள வரிப்பள்ளத்தின் இரு சுவர்களும் நேராக இல்லை. பாடகர் பாடியபோது எழுந்த அதிர்வுகளுக்கு ஏற்ப அவை நெளிந்து நெளிந்து போகின்றன. ஊசி அந்தப் பள்ளத்தில் ஓடும்போது தானும் நெளிகிறது. ஊசியைத் தாங்கிக்கொண்டு கரத்தின் நுனியில் இருக்கும் சிறு பெட்டிக்குக் காட்ரிஜ் என்று பெயர். ஊசியின் நெளிவை மின்சாரமாக மாற்றுவது இதன் வேலை. சைக்கிள் டைனமோவை நாம் அறிவோம். சக்கரம் சுழலும்போது காந்தம் சுழன்று, விளக்குக்கு 6 வோல்ட் மின்சாரம் தருகிறது. காட்ரிஜும் ஒரு டைனமோதான். ஆனால் மிக மிகச் சிறிய டைனமோ.

காட்ரிஜில் மூன்று வகைகளை நாம் முக்கியமாக அறிந்திருக்க வேண்டும். முதலாவது, பழைய ரேடியோகிராம்களிலும் கையடக்கப் பெட்டிகளிலும் இருந்த படிக வகை, பீங்கான் வகை. இவற்றில் காந்தமும் இல்லை, சுருளும் இல்லை. ஊசி ஒரு சிறு துண்டை வளைக்க, அதிலிருந்து மின்சாரம் பிறக்கிறது. இவை நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தருவதால் எளிய ஆம்பிளிபயரே போதும். ஒரு வோல்ட்டை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு மில்லிவோல்ட் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். ஆனால் இந்த வகை ஊசிகள் தட்டின்மேல் கனமாக அமர்கின்றன. தட்டு விரைவில் தேய்கிறது.

இரண்டாவது, நகரும் காந்த வகை. ஊசித்தண்டின் மறுமுனையில் ஒரு சிறு காந்தம் இருக்கிறது. அதைச் சுற்றிச் சுருள்கள் அசையாமல் நிற்கின்றன. சுருள் அசைய வேண்டியதில்லை என்பதால் மெல்லிய கம்பியைப் பல சுற்றுகள் சுற்றிவைக்கலாம். ஆகவே இது ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட் வரை தருகிறது. ஆம்பிளிபயரின் பின்புறம் ‘ஃபோனோ’ என்று குறித்த துளைகள் இந்த வகைக்கென்றே செய்யப்பட்டவை.

மூன்றாவது, நகரும் சுருள் வகை. இதில் காந்தம் அசையாது. ஊசியோடு சேர்ந்து சுருள்தான் அசையும். தலைமயிரினும் மெல்லிய கம்பியால் ஆன சுருள், ஊசியின் ஒவ்வொரு நெளிவையும் பின்பற்றி ஆட வேண்டும். அது கனமாக இருந்தால் ஆடாது. ஆகவே சில சுற்றுகளே சுற்ற முடியும். சுற்றுக் குறைந்தால் மின்னழுத்தமும் குறையும். பாட்டின் நுணுக்கங்களை இந்த வகை நன்றாக எடுத்துத் தரும். ஆனால் குரல் மிக மெல்லியதாக இருக்கும். நல்ல காது உடையவர். ஆனால் முணுமுணுத்தே பேசுபவர் என்று இதைச் சொல்லலாம்.

இந்த வகைக்குச் சான்றாக இரண்டு காட்ரிஜ்களைக் குறிப்பிடுவோம். ஒன்று டென்மார்க் நாட்டின் ஆர்ட்டஃபோன் நிறுவனம் 1959-இல் வெளியிட்ட எஸ்.பி.யு. மற்றொன்று ஜப்பானின் டெனான் டி.எல்.-103. ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே., வானொலியில் இசைத்தட்டுகளை ஒலிபரப்புவதற்கென்று நம்பகமான ஒரு காட்ரிஜை விரும்பியது. அந்தத் தேவையை ஒட்டி 1960-களின் முற்பகுதியில் டி.எல்.-103 உருவாக்கப்பட்டது. ஒலிபரப்பு நிலையத்தில் ஒரே ஊசி நாள் முழுதும் உழைக்க வேண்டும். எந்தத் தட்டைப் போட்டாலும் ஒரே சீராகப் பாட வேண்டும். அந்த உழைப்புக்கென்றே செய்யப்பட்ட இந்தக் காட்ரிஜ், அறுபது ஆண்டுகள் கடந்தும் கடைகளில் கிடைக்கிறது.

டி.எல்.-103 தரும் மின்னழுத்தம் எவ்வளவு? 0.3 மில்லிவோல்ட். சைக்கிள் டைனமோ தரும் 6 வோல்ட்டை இருபதாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. ஆம்பிளிபயரோ குறைந்தது 3 மில்லிவோல்ட்டை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. வந்து சேர்வதோ அதில் பத்தில் ஒரு பங்கு. பாட்டு ஏன் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது என்பது இப்போது புரிகிறதல்லவா?

ஒலிக் குமிழைத் திருப்பினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. எந்த ஆம்பிளிபயரிலும் அதற்கே உரிய மெல்லிய இரைச்சல் ஒன்று உண்டு. 3 மில்லிவோல்ட் வரும்போது பாட்டு அந்த இரைச்சலை மூடிவிடுகிறது. 0.3 மில்லிவோல்ட் மட்டுமே வந்தால், நாம் குமிழைத் திருப்பும்போது பாட்டும் வளர்கிறது, இரைச்சலும் வளர்கிறது. களையோடு சேர்த்துப் பயிருக்கு உரம் போடுவதைப் போன்றது இது. பாட்டு ஆம்பிளிபயருக்குள் நுழைவதற்கு முன்பே அதை உயர்த்திக் கொடுத்துவிட வேண்டும். இதைத்தான் ஏற்று மின்மாற்றி செய்கிறது. அதற்கு மின்கம்பி இணைப்பும் வேண்டாம், பாட்டரியும் வேண்டாம். அதனால் அது தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சலும் மிகக் குறைவு. கெலுகோர் மின்நிலையத்தில் வீட்டைப்போல் பெரிதாய் நின்ற அதே மின்மாற்றிதான். இங்கே கட்டைவிரல் அளவில் நிற்கிறது. இடப்புறத்து ஒலிக்கு ஒன்று, வலப்புறத்து ஒலிக்கு ஒன்று என இரண்டு.

இனி இந்த உரையின் முக்கியமான பகுதிக்கு வருகிறோம். “பத்து மடங்கு உயர்த்தலாம் என்றால், நாற்பது மடங்கு உயர்த்தும் மின்மாற்றி வாங்கினால் இன்னும் நல்லதுதானே?” என்று பலர் எண்ணுகிறார்கள். கடைக்காரரும் பெரிய எண்ணைக் காட்டிப் பெரிய விலை சொல்லலாம். இங்கே ஏமாந்துவிடக் கூடாது.

மின்மாற்றி சக்தியைப் படைப்பதில்லை. வாங்கிய சக்தியை வேறு உருவில் திருப்பித் தருகிறது; அவ்வளவே. அழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால் மின்னோட்டம் பத்தில் ஒன்றாகக் குறைகிறது. பால்மரம் வெட்டப் போகும் சைக்கிளை எடுத்துக்கொள்வோம். முன்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் 48 பற்கள், பின்னால் உள்ள சிறிய பல்சக்கரத்தில் 16 பற்கள் என்றால், நாம் ஒரு முறை மிதித்தால் பின்சக்கரம் மூன்று முறை சுற்றும். வேகம் மூன்று மடங்கு. ஆனால் மூன்று மடங்கு அழுத்தி மிதிக்க வேண்டும். முன்சக்கரத்தை இன்னும் பெரிதாக்கிக்கொண்டே போனால் என்ன ஆகும்? மேட்டில் ஏறும்போது கால் நின்றுவிடும். வேகத்துக்கென்று செய்தது நகரவே விடாமல் தடுத்துவிடும். காட்ரிஜுக்கும் இதே நிலைதான். அதன் கால்கள் வலுவில்லாதவை.

இதைக் கணக்காகவே பார்ப்போம். கணக்கு என்றதும் அஞ்ச வேண்டாம். ஆறாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய பெருக்கல் வகுத்தல்தான். ஆம்பிளிபயரின் ஃபோனோ வாயில் வழக்கமாக 47,000 ஓம் தடை உடையது. இடையில் மின்மாற்றி இருந்தால், காட்ரிஜின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அந்தத் தடை சிறுத்துத் தோன்றும். எவ்வளவு சிறுக்கும் என்றால், மடங்கு எண்ணை அதே எண்ணால் பெருக்கி, வந்த விடையால் 47,000-ஐ வகுக்க வேண்டும். பத்து மடங்கு மின்மாற்றி என்றால் பத்தைப் பத்தால் பெருக்கினால் நூறு. 47,000-ஐ நூறால் வகுத்தால் 470 ஓம். இருபது மடங்கு என்றால் 400-ஆல் வகுக்க, சுமார் 117 ஓம். நாற்பது மடங்கு என்றால் 1,600-ஆல் வகுக்க, சுமார் 29 ஓம் மட்டுமே.

டி.எல்.-103 காட்ரிஜின் சுருளுக்கு உள்ளேயே 40 ஓம் தடை இருக்கிறது. வெளியே உள்ள தடையும் உள்ளே உள்ள தடையும் மின்னழுத்தத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். தடை பெரிதாக இருப்பவருக்குப் பெரிய பங்கு. பத்து மடங்கு மின்மாற்றியில் வெளித்தடை 470, உள்தடை 40. ஆகவே பெரும்பங்கு வெளியே வந்துவிடுகிறது. கணக்குப்படி 3 மில்லிவோல்ட் வரவேண்டும். கைக்குக் கிடைப்பது சுமார் 2.8. இருபது மடங்கில் 6 வரவேண்டும். கிடைப்பது சுமார் 4.5. நாற்பது மடங்கிலோ 12 வரவேண்டும். கிடைப்பது சுமார் 5 மட்டுமே! பாதிக்கு மேல் காட்ரிஜுக்குள்ளேயே செலவாகிவிட்டது. இருபதிலிருந்து நாற்பதுக்குப் போனதில் நமக்குக் கிடைத்த லாபம் அரை மில்லிவோல்ட். அதோடு, இவ்வளவு பாரத்தை ஏற்றினால் பாட்டின் மேல்தாயி ஒலிகள் மழுங்கவும் கூடும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்?

ஆனால் நாற்பது மடங்கு, முப்பது மடங்கு மின்மாற்றிகளே தவறு என்றும் எண்ணிவிடக் கூடாது. முன்பு சொன்ன எஸ்.பி.யு. காட்ரிஜை எடுத்துக்கொள்வோம். அது தருவது ஏறத்தாழ 0.2 மில்லிவோல்ட், அதன் உள்தடை ஏறத்தாழ 2 ஓம்தான். முப்பது மடங்கு மின்மாற்றியில் வெளித்தடை 52 ஓம் அளவில் தோன்றும். உள்தடையான 2 ஓமுக்கு முன் 52 பெரிய எண். ஆகவே கணக்குப்படி வரவேண்டிய 6 மில்லிவோல்ட்டில் 5.8 வந்துவிடுகிறது. ஒருவருக்கு விஷமாவது மற்றவருக்கு மருந்தாகிறது. பெரிய மின்மாற்றி, சிறிய மின்மாற்றி என்பதல்ல கேள்வி. பொருந்திய மின்மாற்றியா என்பதே கேள்வி.

ஆகவே வாங்கப் போகும் பிள்ளைகளிடம் இரண்டு எண்களைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். காட்ரிஜ் எத்தனை மில்லிவோல்ட் தருகிறது? அதன் உள்தடை எத்தனை ஓம்? இவை காட்ரிஜுடன் வரும் தாளில் அச்சிடப்பட்டிருக்கும். மில்லிவோல்ட்டை மடங்கால் பெருக்கினால் 3 முதல் 6 வரை வரவேண்டும். காட்ரிஜுக்குத் தோன்றும் தடை அதன் உள்தடையைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு இருந்தால் நல்லது. இந்த இரண்டும் பொருந்தினால் வாங்கலாம். பொருந்தாவிட்டால், எவ்வளவு அழகான பெட்டியில் வைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுவோம். பெரும்பாலான வீடுகளுக்கு இந்த மின்மாற்றி தேவையே இல்லை. சுழலியில் இருப்பது நகரும் காந்த வகைக் காட்ரிஜ் என்றால் அதை நேராக ஃபோனோ வாயிலில் இணைத்தாலே போதும். அதற்கு இடையே மின்மாற்றியைப் போட்டால் ஒலி உடைந்து கரகரக்கும். புதிதாக வாங்குபவர்கள் நல்ல நகரும் காந்தக் காட்ரிஜ் ஒன்றை வாங்கினாலே அப்பாவின் தட்டுகள் இனிமையாகப் பாடும். செலவும் குறைவு, ஊசி தேய்ந்தால் ஊசியை மட்டும் பல வகைகளில் மாற்றிக்கொள்ளலாம். நகரும் சுருள் காட்ரிஜ் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டவர்களுக்கும், அதன் இனிமையை விரும்புகிறவர்களுக்குமே மின்மாற்றி. சில ஆம்பிளிபயர்களில் ‘எம்.சி.’ என்று குறித்த பொத்தான் ஒன்று இருக்கும். அது நகரும் சுருள் வகைக்கான உள்ளமைப்பு. அது இருந்தால் தனி மின்மாற்றி வேண்டாம். மின்மாற்றி வைத்திருந்தால் அந்தப் பொத்தானை அழுத்தாமல் ‘எம்.எம்.’ என்ற நிலையிலேயே விட்டுவிட வேண்டும்.

மின்மாற்றியைப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டிய சில செய்திகள் உள்ளன.

முதலாவது, இடம். வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை மாறிப் பாய்கிறது. ஆம்பிளிபயருக்குள் இருக்கும் மின்மாற்றி அந்த அதிர்வைத் தன்னைச் சுற்றிலும் காந்தப் புலமாகப் பரப்புகிறது. நம் சிறு மின்மாற்றி அதைப் பிடித்துக்கொண்டால், அதுவே ‘ம்ம்’ என்ற ரீங்காரமாகக் கேட்கும். இதைத் தடுக்கவே நல்ல மின்மாற்றிகளை மியூ-மெட்டல் என்ற நிக்கல் கலந்த உலோக உறைக்குள் வைக்கிறார்கள். என்றாலும் ஆம்பிளிபயரின்மேல் அதைத் தூக்கி வைக்காமல் சற்றுத் தள்ளி வையுங்கள். மெல்லத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒரு திசையில் ரீங்காரம் மிகக் குறையும். அங்கே நிறுத்துங்கள். சுழலியிலிருந்து வரும் தரைக்கம்பியையும் மறவாமல் இணைக்க வேண்டும்.

இரண்டாவது, கம்பியின் நீளம். மின்மாற்றியிலிருந்து ஆம்பிளிபயர் வரை செல்லும் கம்பி ஒரு மீட்டருக்குள் இருப்பது நல்லது. நீண்டால் மேல்தாயி ஒலிகள் குன்றும்.

மூன்றாவது, சோதனை. மின்சார வேலை தெரிந்த பிள்ளைகள் எதையும் மீட்டர் வைத்துப் பார்க்க ஆசைப்படுவார்கள். இந்த மின்மாற்றியை ஓம் மீட்டரால் சோதிக்க வேண்டாம். மீட்டரின் பாட்டரியிலிருந்து ஒரே திசையில் பாயும் மின்சாரம் உள்ளகத்தைக் காந்தமாக்கிவிடக் கூடும். பிறகு அதன் ஒலி பழையபடி இருக்காது.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது உயிர். மின்மாற்றி என்ற பெயர் ஒன்றாக இருப்பதால், சுவரில் உள்ள மின்துளையோடு இதை இணைத்துப் பார்க்கும் எண்ணம் ஒருபோதும் வரக்கூடாது. ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் ஒரு பங்குக்காகச் செய்த பொருளில் 230 வோல்ட்டைச் செலுத்தினால் அது கருகிவிடும். தொட்டவர் உயிருக்கும் ஆபத்து. சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைச் சொல்லிவைப்பது பெற்றோரின் கடமை.

ஐந்தாவது, தட்டுக்கு ஏற்ற ஊசி. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய அரக்குத் தட்டுகளின் வரிப்பள்ளம் அகலமானது. நீண்ட நேரத் தட்டுகளுக்கான மெல்லிய ஊசி அதன் அடியில் அலைந்து இரைச்சலையே தரும். அதற்கென்று தடித்த ஊசி தனியே உண்டு. தேய்ந்த ஊசி எந்தத் தட்டுக்கும் எமன். மின்மாற்றியை வாங்க எண்ணுவதற்கு முன், ஊசி நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கரம் காட்ரிஜின் மேல் வைக்கும் எடையும் சரியாக இருக்க வேண்டும். டி.எல்.-103-க்கு அது இரண்டரைக் கிராம்.

நேயர்களே, நாம் சொன்னவற்றில் விலை உயர்ந்த பொருளை வாங்குங்கள் என்ற அறிவுரை எதுவும் இல்லை. பாட்டு மெல்லக் கேட்டால் தட்டின்மேல் பழி போட்டு அதை எறிந்துவிடாதீர்கள் என்பதுதான் வேண்டுகோள். காரணத்தைத் தேடுங்கள். எந்த வகைக் காட்ரிஜ் என்று பாருங்கள். இரண்டு எண்களை எழுதிப் பெருக்கி வகுத்துப் பாருங்கள். தோட்டத்து மண்ணில் வாழ்ந்து மறைந்த நம் பெற்றோர், அரைவயிறு உண்டும் சேர்த்த செல்வம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. ஒருமுறை நல்ல ஊசியால், பொருத்தமான இணைப்போடு பாட வைத்து, அந்தப் பாட்டைக் கணினியில் பதிந்து வைத்துவிட்டால், தட்டுத் தேய்ந்தாலும் குரல் தேயாது.

இந்தக் கணக்கைப் பிள்ளைகளைக் கொண்டே போடச் செய்யுங்கள். புத்தகத்தில் படித்த மின்மாற்றிப் பாடம், தாத்தாவின் பாட்டோடு சேரும்போது அவர்கள் மனத்தில் நிலைத்து நிற்கும். கெலுகோரில்தான் 1967-இல் தென்கிழக்காசிய நாடுகளின் அறிவியல், கணித ஆசிரியர்களுக்கான ரெக்சாம் என்ற வட்டார மையம் தோன்றியது. 1969-இல் பிறந்த பினாங்குப் பல்கலைக்கழகமும், இன்றைய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், முதலில் புக்கிட் கெலுகோரில் இருந்த ஆசிரியர் கல்லூரியில்தான் இடம் பெற்று நடந்தது. ஜாதிக்காய் விளைந்த தோட்ட மண்ணில் கல்விக்கூடங்கள் எழுந்தன. நம் பிள்ளைகளும் அங்கெல்லாம் போய்ப் படிக்க வேண்டியவர்கள். இரும்பையும் கம்பியையும் கையில் எடுத்து, ஏன் என்று கேட்டுப் பழகும் பிள்ளைக்கு அந்த வாசல் தொலைவில் இல்லை.